பதினோரு கிராம்

போ நதிச் சமவெளியில் நவம்பர் வந்தால்
மூடுபனியில் எதிரே வரும் ஆள் தெரியாது.
ஆனாலும் எங்கள் ஊரில் எல்லாருக்கும்
அடுத்த தலைவர் யாரென்று தெரியும்.

லியோனிலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரர், என்கிறார்
முடிதிருத்தும் ஒரெஸ்தே, கத்தரியை நிறுத்தாமல்.
மீன் கடையில் ஆஸ்திரியக்காரர்.
மருந்துக் கடையில் முதலாளியின் மருமகன்;
அதைத் தாழ்ந்த குரலில் சொல்வதால்
அதற்கு மதிப்பு கூடுதல்.
பாதிரியார் லெயார்கோ மட்டும் பேர் சொல்வதில்லை.
ஞாயிறு பூசையில் நோயுற்றோர் வரிசையின் முடிவில்
கியர் பெட்டியையும் சேர்த்துக்கொள்கிறார்.

மூன்று பந்தயம்.
முதலாவதில் பதினேழாம் சுற்றில் நின்றது வண்டி.
அப்புறம் நாற்பத்தொன்றில்.
அப்புறம், தொடக்கக் கோட்டுக்கே போகவில்லை;
ஓஸ்மோ தலைக்கவசத்தைக் கழற்றாமல்
குட்டிச்சுவரில் உட்கார்ந்திருந்ததை
உலகம் முழுக்கக் காட்டினார்கள்.
பின்லாந்துக்காரன். எப்போதும் பேசாதவன்.
அந்த மௌனத்துக்கு
நாளிதழ்கள் நாலு பக்கம் அர்த்தம் எழுதின.

எனக்கு இரவுப் பணி. இரண்டாம் சோதனை மேடை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஞ்சின்,
இந்தப் பக்கம் நானும் ஓர் ஆரஞ்சுப் பழமும்.
ஒன்பதாயிரத்து நானூறு சுழற்சியில்
அதன் குரல் மாறும்,
பொய் சொல்லப்போகிறவர் தொண்டையைச் செருமுவதுபோல
மிகச் சிறிதாக.
அந்த நடுக்கத்தில் ஒரு தாங்கி விரிசல் விடும்.
ஹைட்ராலிக் குழாய் தளரும்.
அழுத்தம் விழும்.
கியர் விழாது.

விரல் நீளத் தாங்கி. டைட்டானியம்.
போன மார்ச்சில் அதைப் பதினோரு கிராம் இளைக்க வைத்தது
நான்.
வரைபடத்தின் வலது மூலையில் என் கையெழுத்து
அழகாகவே இருக்கிறது.
அன்று எல்லாரும் கைதட்டினார்கள்.
எடையைக் குறைப்பவரிடம் இந்தத் தொழிலில்
யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

புதன்கிழமை, இரவு இரண்டு மணி.
மூன்றாம் மாடி விளக்கு அணைந்தது.
வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன்.
என் கதவைத் தட்டினார் பெர்த்தாச்சி.
தன் தொழிற்சாலைக்குள்ளேயே கதவைத் தட்டி
உள்ளே வரலாமா என்று கேட்கிற தலைவர்
அதிக நாள் இருக்கப்போவதில்லை என்று
ஊருக்கெல்லாம் பிறகு
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கேட்கவை, ஃபோஸ்கா."
ஓட்டினேன். எட்டாயிரம். ஒன்பது.
"இப்போது" என்றேன்.
தலையைச் சாய்த்துக் கேட்டார்.
அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டதாகச் சொல்லவுமில்லை;
அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

உடைந்த தாங்கியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.
"இவ்வளவுதானா?"
நான் வாயைத் திறந்தேன்.
அவர் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
என் ஆரஞ்சில் இரண்டு சுளை எடுத்துக்கொண்டு
போய்விட்டார்.
சாவிக்கொத்தோடு அது உரசும் சத்தம்
நடைவழி முடியும்வரை கேட்டது.

வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது:
"பரஸ்பர சம்மதத்துடன்."
"நெருப்பில்லாமல் புகையுமா?" என்றார் ஒரெஸ்தே,
தன் பிரெஞ்சுக்காரரை அறவே மறந்துவிட்டு.
வந்தது மருமகன்தான்.

மருமகன் நல்லவர். எல்லாரிடமும் பேர் கேட்டார்.
உடைந்த பாகத்தையும் கேட்டார்.
மேசை இழுப்பறைகளில் தேடினார்கள்,
உலோகக் கழிவுத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடினார்கள்.
நானும் சேர்ந்து தேடினேன்.

புதிய தாங்கி பதினோரு கிராம் கூடுதல் கனம்.
ஒன்பதாயிரத்து நானூறைச் செருமாமல் தாண்டியது.
வரைபட மூலையில் வேறொருவர் கையெழுத்து,
கோழி கிளறியதுபோல.

நிவெஸின் கடையில் காப்பிக் கோப்பையோடு
இரண்டு சர்க்கரைப் பொட்டலம் வைப்பாள்.
ஒருநாள் கொண்டுபோய் எடை போட்டேன்:
பத்து புள்ளி எட்டு.

"புதியவர் எப்படி?" என்றாள் இன்று.
தெரியாது என்றேன்.
பையில் தொலைபேசி அதிர்ந்தது. சோதனை மேடை.
இந்த முறை தண்ணீர் பம்பாம்.